செவ்வாய்க்கிழமை வந்த ஹீரோ

ஹீரோ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சனிக்கிழமை வந்திருக்கக் கூடாதா?

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டுச் சமையலே வேறு. கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் தங்கிப் படித்த அண்ணன் அன்றைக்குத்தான் மலையேறி வருவான். அவனுக்காக அரிசிச் சோறு பொங்கும், முட்டைக் குழம்பு கொதிக்கும். சாயங்காலம் அம்மா மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து அடை தட்டுவாள். ஓரம் முறுகலாக, நடு மெத்தென்று, எடுத்தால் விரலெல்லாம் வெல்லப் பிசுக்கு. உலகத்தில் அதற்கு மேல் ஒரு தின்பண்டம் இருக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் சாமைச் சோறுதான். திங்கள் சாமை, செவ்வாய் சாமை, புதன் சாமை. தொட்டுக்கொள்ளக் கீரை கடைந்தது, இல்லாவிட்டால் மொச்சைக்கொட்டைக் குழம்பு. கிழங்குக் காட்டில் பொழுதெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து, கைகால் கழுவின ஈரத்தோடு அடுப்பைப் பற்றவைக்கிறவளுக்குப் புதிதாக எதையும் யோசிக்கத் தெம்பு இருக்காது என்பதெல்லாம் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. தட்டைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

இன்றைக்கு நான் சென்னையில் வேலை முடிந்து வந்து, கைபேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்துவைத்து, ஏதாவது ஒரு படத்தை ஓடவிட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறேன். அதே சாமையைப் பளபளக்கும் பாக்கெட்டில் போட்டு அரிசியைவிட ஜாஸ்தி விலைக்கு விற்கிறார்கள். வாங்கிவந்து சமைக்கிறேன். படத்தில் யாராவது உயரத்திலிருந்து குதித்தால் மட்டும் நறுக்குவதை நிறுத்திவிடுவேன். கை தானாக நின்றுவிடும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் கரியாலூருக்கு ஷூட்டிங் வருகிறது என்ற செய்தி பஸ் கண்டக்டர் மூலமாக வந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. மறுநாள் காலை கச்சிராயபாளையம் பக்கமிருந்து வேன்கள் வரிசையாக வளைவுகளில் ஏறி வந்தபோது ஊரே ரோட்டோரம் நின்றது. வண்டிகளைவிட எனக்கு அதிசயமாக இருந்தது ஜெனரேட்டர்தான். அது உறுமிய உறுமலில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரைமேல் இருந்த மைனாக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போயின. பின்னாலேயே பிள்ளைகள் நாங்களும் கிளம்பினோம். வாத்தியார் எங்களைத் திட்டிக்கொண்டே எங்களுக்கு முன்னால் போனார்.

அருவிக்குப் போகும் வழியில் கயிறு கட்டிவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரிந்ததெல்லாம் குடைகளும், ஓடுகிற ஆட்களும், தூரத்தில் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட சட்டையும்தான். "அந்த செவப்பு சட்டதான் ஹீரோ" என்று யாரோ சொன்னார்கள். அந்த நாயகன் அப்போதுதான் ஓரிரு படங்களில் நடித்திருந்தவர். எங்கள் ஊரில் யாருக்கும் அவர் முகம் அவ்வளவு பழக்கமில்லை. சட்டைதான் அடையாளம். அன்று முழுக்க நான் அந்தச் சட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்பா மரவள்ளி லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஷூட்டிங்காரர்கள் விளக்குகளையும் கயிறுகளையும் பாறைமேல் தூக்கிப் போவதற்கு ஆள் எடுத்தபோது அவரையும் எடுத்துக்கொண்டார்கள். அன்று பொழுது சாய்கிற நேரத்தில், அம்மா வாசல் அடுப்பில் கீரையைக் கடைந்துகொண்டிருக்கும்போது, அப்பா ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை.

கையிலிருந்த பலப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"பாப்பா, யாரு வந்துக்கிறாங்க பாரு. ஹீரோ!" என்றார் அப்பா.

"அட, இன்னாண்ணா நீங்க" என்று அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"தோளு வீங்கிக் கெடக்குது. வெந்நி போட்டு ஊத்தினாத் தேவலன்னு இட்டுக்கினு வந்தேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா தண்ணீர் மொள்ளப் போனார்.

நான் கிட்டே போய், "நெசமாவே நீங்க ஹீரோவா?" என்று கேட்டேன்.

"பின்னாலருந்து பாத்தா ஹீரோ. முன்னாலருந்து பாத்தா நானு" என்றார்.

உடனே அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அதே சட்டை, கழுத்துவரை இறங்கிய அதே முடி. சந்தேகமே இல்லை, ஹீரோதான். இத்தனை பெரிய ஆள் இவ்வளவு தமாஷாகப் பேசுகிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அம்மா உப்புப் போட்டு வெந்நீர் காய்ச்சித் துணியில் நனைத்து அவர் தோளில் ஒத்தடம் கொடுத்தாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடுகள் சிவந்திருந்தன. அதற்குத் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். எனக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. என் கவலை முழுக்க அடுப்பின்மேல் இருந்த பானையைப் பற்றித்தான். உள்ளே இருந்தது சாமைச் சோறு. ஹீரோவுக்குப் போய்ச் சாமைச் சோறா? அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "முட்டயாவது வாங்கியாரட்டா?" என்று ரகசியமாகக் கேட்டேன். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"இன்னாக்கா, வாசன ஆளத் தூக்குது. கீரையா?"

"சாப்புடு தம்பி. எங்க சோறு ஒனக்குப் புடிக்குமோ இன்னாமோ."

"எங்களுக்கு அங்க மூணு வேளையும் பிரியாணியும் பரோட்டாவும்தான். வவுத்துல கல்லு கட்டின மாரி இருக்குதுக்கா. அத்தத் துன்னுட்டு குதிக்க முடியுமா?"

அவர் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாட்டை நான் இன்றுவரை எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. சோற்றில் குழி பறித்துக் கீரையை ஊற்றி, பிசைந்து, மிளகாயைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றார். என் தட்டில் இருந்ததும் அதே சோறுதான், அதே கீரைதான். ஆனால் அன்றைக்கு முதல்முறையாக அது எனக்கும் ருசித்தது. நானும் இன்னொரு தரம் கேட்டேன். அம்மா கரண்டியும் கையுமாக என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்தடுத்த நாட்களிலும் அவர் வந்தார். வேலை முடிந்ததும் அப்பாவோடு பேசிக்கொண்டே சரிவில் இறங்கி வருவார். நான் வேலியோரம் காத்திருப்பேன். என் வகுப்பில் என்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். "ஹீரோ இன்னிக்கு இன்னா துன்னாரு?" என்பதுதான் காலையில் முதல் கேள்வி. மொச்சைக்கொட்டைக் குழம்பு என்று சொல்ல எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை. இரண்டு பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் அன்று மொச்சைக்கொட்டைக் குழம்பு வைக்கச் சொல்லி அடம்பிடித்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஒருநாள் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "பயமா இருக்காதா தம்பி?"

"மேல நிக்கறப்ப இருக்கும்க்கா. குதிச்சிட்டா இருக்காது."

"ஒங்க அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"அவங்களுக்குத் தெரியாதுக்கா. கம்பெனில வேலன்னு சொல்லி வெச்சிக்கிறேன்."

அம்மா குழம்பில் இருந்த மொச்சையை எல்லாம் அரித்து எடுத்து அவர் தட்டில் போட்டாள். எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. பெற்ற தாய்க்கே தெரியாமல் ஒருத்தர் ஹீரோவாக இருக்கிறார்! எவ்வளவு அடக்கம்! இதையும் மறுநாள் வகுப்பில் சொன்னேன். வாத்தியார்கூடக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

சனிக்கிழமை வந்தது. அரிசிச் சோறும் முட்டைக் குழம்பும் தயார். ஆனால் அன்று பார்த்து மலையே தெரியாத அளவுக்கு மூட்டம். மழை விடாமல் பெய்தது. ஷூட்டிங் ஆட்கள் கீழேயே தங்கிவிட்டார்கள். ஹீரோவுக்கு எங்கள் வீட்டுச் சனிக்கிழமைச் சாப்பாடு கொடுத்துவைக்கவில்லை. அண்ணன் மட்டும் தலையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அண்ணன் எங்கள் குடும்பத்தில் சினிமா அறிந்தவன். ஹாஸ்டலில் பேப்பர் வாங்குகிற நாட்களில் சினிமாப் பக்கத்தை முதலில் கிழித்து வைத்துக்கொள்கிறவன். அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான்.

"ஹீரோ வந்து நம்ம வூட்ல சாமச் சோறு துன்னானா? ரீல் வுடாத. நீ பாத்தது டூப்பா இருக்கும்."

"டூப்புன்னா?"

"ஹீரோ மாரியே சட்ட போட்டுக்கினு இருப்பான். முடியும் அதே மாரி இருக்கும். ஆனா ஹீரோ கெடையாது. சும்மா டம்மி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவிடம் ஓடி, "அவரு டம்மியாம்மா?" என்று கேட்டேன். அம்மா அடைமாவைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். "எவன் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். கேட்ட தோரணையில் அண்ணன் துண்டோடு உள்ளே போய்விட்டான். எனக்கு அந்தப் பதில் போதும்.

திங்கட்கிழமை எங்கள் வீட்டில் நடக்கக் கூடாதது நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலிலேயே வெல்லம் மணக்கிறது. வாரநாளில் கிழங்கு அடை! அம்மா காட்டிலிருந்து சீக்கிரமே வந்து கிழங்கு துருவியிருக்கிறாள். அப்பா அடையைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார்.

"எனக்குக் கல்யாணம் ஆன நாள்லருந்து திங்கக்கெழம அட கெடச்சதில்ல" என்றார்.

"நீ எங்கியாவது மேலருந்து குதி, ஒனக்கும் சுட்டுத் தரேன்" என்றாள் அம்மா.

சாப்பிட வந்திருந்த ஹீரோ விழுந்து விழுந்து சிரித்தார். அடையைப் பிய்த்து வாயில் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "அக்கா, இதுக்கோசரம் இன்னோரு படம் இங்கியே எடுக்கச் சொல்லட்டா?" என்றார். நான் சத்தியமாக அடுத்த படத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

புதன்கிழமை பெரிய குதி. வில்லன் ஆட்கள் துரத்த, ஹீரோ அருவி உச்சியிலிருந்து கீழே மடுவில் குதிக்க வேண்டும். அன்று ஊர்க்காரர்களை எதிர்ப்பாறை வரைக்கும் விட்டார்கள். பள்ளிக்கூடம் தானாகவே விடுமுறை ஆகிவிட்டது. அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்ததுதான் எனக்கு நம்பமுடியாததாக இருந்தது. காய்ச்சல் வந்தால்கூட வேலைக்குப் போகிறவள் அவள்.

பாறைமேல் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்தக் காட்சி என் கண்ணில் பட்டது. கீழே மரத்தடியில் பெரிய குடை விரித்து, நாற்காலி போட்டு, இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அதே சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. அதே முடி. ஒருவர் அவருக்கு விசிறினார். இன்னொருவர் இளநீர் கொடுத்தார். மூன்றாமவர் முகத்தில் பவுடர் ஒத்தி எடுத்தார். அவர் மட்டும் எதுவுமே செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அண்ணன் சொன்னது சரிதான். டூப்பு என்று ஒருத்தர் இருக்கத்தான் இருக்கிறார்! ஹீரோ மாதிரியே சட்டை போட்டுக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், சும்மா டம்மியாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் விரலை நீட்டிக் காட்டினேன். "அதோ பாரு, அதான் டூப்பு." பாவம், இவ்வளவு சௌகரியம் செய்து கொடுத்தும் இவரை யாரும் ஹீரோ என்று சொல்லமாட்டார்களே என்று அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

எங்கள் ஹீரோ உச்சிப்பாறையில் நின்றார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் தீக்குச்சி உயரம்தான் தெரிந்தார். இடுப்பில் பெல்ட்டும் அதிலிருந்து ஒரு கயிறும். அப்பாவும் நாலைந்து பேரும் பின்னால் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அவர் இடது தோளை ஒருமுறை சுழற்றிக்கொண்டார். எங்கள் வாசலிலும் சாப்பிட உட்காரும் முன்னால் அப்படித்தான் சுழற்றுவார். கீழேயிருந்து மைக்கில் கத்தினார்கள். ஓடிவந்தார். குதித்தார்.

நான் கைதட்டினேன். ஊரே விசிலடித்தது. அருவி இரைச்சலில் அவர் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. வெள்ளை நுரைதான் எழும்பியது. நுரை அடங்கியது. ஆளைக் காணோம். விசில் ஒவ்வொன்றாக நின்றது. அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தது வலித்தது. அப்புறம் பாறையோரமாக ஒரு கை மேலே வந்தது. பிறகு தலை. இரண்டு பேர் நீந்திப் போய் அவரைப் பிடித்தார்கள். மறுபடியும் கைதட்டல். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். எவ்வளவு அருமையாக நடிக்கிறார்!

அவர் கரையில் குனிந்து நின்று மூச்சு வாங்கினார். வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரோ வந்து அவரிடம் ஏதோ பேசினார்கள். அவர் தலையாட்டினார். ஈரத்தோடு மறுபடியும் மேலே ஏற ஆரம்பித்தார்.

"எதுக்கு மறுபடி ஏறுறான்?" என்று அம்மா கேட்டாள்.

பக்கத்தில் நின்றிருந்த வாத்தியார், "சரியா வரலியாம். இன்னொரு தபா எடுக்கறாங்க" என்றார்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். எங்கள் அம்மா ரேஷன் கடை வரிசையில்கூடக் குரலை உயர்த்தாதவள். பாறை விளிம்புக்குப் போய்க் கீழே இருந்த அத்தனை குடைகளையும் பார்த்துக் கத்தினாள். "ஏய்யா! அதான் ஒரு தபா குதிச்சிட்டானே! இன்னும் இன்னா வோணும் ஒங்களுக்கு? கை ஒடிஞ்சிக்கீதுய்யா அவனுக்கு!"

அருவிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. ஊர்க்காரர்கள்தான் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. "கம்முனு குந்தும்மா" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அவர் இரண்டாவது முறையும் குதித்தார். இந்தமுறை உடனே மேலே வந்துவிட்டார். கீழே ஷூட்டிங்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்து, கூலியையும் விட்டுவிட்டு, முக்கியமான இடத்தைப் பார்க்காமல் விட்டாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் வேன்கள் கிளம்புவதற்கு முன்னால் அவர் வந்தார். வலது கையில் கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள். சட்டையும் வேறு. சட்டை மாறியதும் அவர் யாரோ போல இருந்தார். ஆனாலும் எனக்கு ஹீரோதான். அம்மா சாமைச் சோற்றில் கீரையைப் பிசைந்து, உருண்டை உருண்டையாகப் பிடித்து அவருடைய இடது கையில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். ஒரு உருண்டை எனக்கும் கிடைத்தது. ஹீரோவோடு ஒரே சோறு. அன்று இரவு நான் வாய் கொப்பளிக்கவில்லை.

"படம் வந்தா பாருங்கக்கா" என்றார் போகும்போது.

"நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள் அம்மா. வாழை இலையில் கட்டிய அடைப் பொட்டலத்தை அவர் கைக்கட்டுக்குள் செருகினாள். வேன் வளைவில் திரும்பும்வரை நான் ஓடிக்கொண்டே கையசைத்தேன்.

படம் வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கள்ளக்குறிச்சியில் போட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் சொல்லியனுப்பிய அன்றே வீடு தலைகீழாகிவிட்டது. குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோமுகி அணைத் தண்ணீர் கண்ணில் படும்வரை, ஹீரோ எங்கள் வீட்டில் சாப்பிட்ட எல்லாவற்றையும் வரிசையாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். தியேட்டரில் பக்கத்துச் சீட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டுமே.

விளக்கு அணைந்தது. பாட்டு கிளம்பியது. தூசி பறக்க ஒரு வண்டி வந்து நின்றது. சிவப்புக் கட்டம் போட்ட சட்டை இறங்கியது. காகிதத் துண்டுகள் பறந்தன. முதுகிலிருந்து மெல்ல மெல்லக் கேமரா சுற்றிவந்து முகத்தைக் காட்டியது.

குடைக்கடியில் உட்கார்ந்திருந்தவர்!

"ஐயையோ, இவரு டூப்பும்மா!" என்று சீட்டில் ஏறி நின்று கத்திவிட்டேன். "கொடைக்குள்ள குந்திக்கினு இருந்தாரே, அவரு! தப்பான ஆளப் போட்டுட்டாங்க!"

முன் வரிசை முழுக்கத் திரும்பிச் சிரித்தது. அண்ணன் என் தொடையில் கிள்ளி உட்காரவைத்தான். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் என் காதோரம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஹீரோ யார், டூப்பு யார், யார் குதிப்பார்கள், யாருடைய முகத்தைக் காட்டுவார்கள் என்று எல்லாவற்றையும் விளக்கினான். நான் நம்பவில்லை. இடைவேளையில் சமோசாவும் பாப்கார்னும் கிடைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நம்பினேன். அது அநியாயம் என்று மட்டும் சொன்னேன். "அதான் சினிமா" என்றான் அண்ணன், ஏதோ தானே எடுத்த படம் மாதிரி.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் அருவி வந்தது. எங்கள் பாறை, எங்கள் மரம், தண்ணீருக்கு மேலே எப்போதும் நிற்கும் எங்கள் புகைமூட்டம். பெரிய திரையில் அது எங்கள் ஊர் போலவே இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது. வில்லன் ஆட்கள் துரத்தினார்கள். குடைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார். அடுத்த நொடி உச்சிப்பாறையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். இடது தோளை ஒருமுறை சுழற்றினார்.

"நம்மாளு!" என்றேன். இந்தமுறை கத்தவில்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தை மூடவில்லை. கண்ணை இமைக்காமல் பார்த்தாள். அவர் குதித்தார். நேரில் பார்த்ததைவிட இது ரொம்ப நேரம் நீண்டது. விழுந்துகொண்டே இருந்தார். நுரை எழும்பியது. நுரையைக் கிழித்துக்கொண்டு குடைக்காரரின் முகம் வெளியே வந்து, தலையைச் சிலுப்பி, சிரித்தது. தியேட்டர் அதிர்ந்தது. அண்ணன் விசிலடித்தான். அப்பாகூடக் கைதட்டினார். நானும் தட்டலாம் என்று பார்த்தால் அம்மா என் கையை விடவில்லை.

"அந்தப் புள்ள எழுந்ததக் காட்லியே" என்றாள். எங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

படம் விட்டதும் அப்பா எங்களைப் பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். கல்லில் இரண்டு கரண்டிகள் தாளம் போட, பரோட்டாவைக் கொத்துகிற சத்தமே எனக்கு இன்னொரு படம் மாதிரி இருந்தது. வாழை இலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா, அதன்மேல் ஆவி பறக்கும் சால்னா. அண்ணன் பாட்டுக் காட்சிகளை நடித்துக் காட்டினான். அப்பா, கயிற்றைப் பிடித்தவர்களின் கை ஒரு ஓரத்தில் தெரிந்ததாகவும், அது தன்னுடைய கைதான் என்றும் சாதித்தார். நான் எல்லாருக்கும் மேலே பேசினேன். பொங்கிப் பொங்கி வந்தது பேச்சு. அப்படி ஒரு சந்தோஷமான நாள் எங்கள் நால்வருக்கும் அதற்குப் பிறகு எத்தனை வந்தது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அம்மா மட்டும் சால்னாவில் விரலை வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, படம் நல்லா இல்லியா?" என்று அண்ணன் கேட்டான்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "இன்னிக்கு எங்க குதிச்சிக்கினு இருக்கானோ" என்றாள்.

அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அண்ணன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

எனக்கோ சிரிப்பாக வந்தது. "படம்தான் முடிஞ்சு போச்சேம்மா!" என்றேன். இவ்வளவு சின்ன விஷயம்கூடத் தெரியாத ஒரு அம்மா எனக்கு வாய்த்திருக்கிறாளே என்று இருந்தது. அவள் இலையில் ஒரு பரோட்டா தொடாமல் அப்படியே கிடந்தது. அதை என் இலைக்கு இழுத்துக்கொண்டு, கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றச் சொன்னேன்.